கடல்மட்டத்தார் ஐவரும் ஒரு கணவாயும்

சென்னைவாசிகளான எங்களுக்கு உயரம் என்பது அன்றாடத்தில் இல்லாத ஒன்று. மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடையாறும் கடல்மட்டத்திற்குச் சில மீட்டர்களே மேலே கிடக்கின்றன. பெருமழை பெய்த மறுநாள், எப்பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தண்ணீர் தெருக்களில் தேங்கி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்நிலத்தின் சமதளத் தன்மையை விளக்க வேண்டியதில்லை. நெடுந்தூர ஓட்டம் பயில்பவருக்கு ஏற்றம் தேவையென்றால் இங்கே இரண்டே வழிகள்தாம் உண்டு. ஒன்று மேம்பாலம், மற்றொன்று பரங்கிமலை. அந்த மலையும் ஏறத்தாழ 300 அடிதான். ஆர்மீனிய வணிகரான பெட்ரஸ் உஸ்கான் 18ஆம் நூற்றாண்டில் கட்டுவித்த படிகளின் வழியே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினைந்து முறை ஏறி இறங்கினால், லடாக்கின் கர்துங் லா கணவாய்க்கு ஓடுபவர் ஏறவேண்டிய உயரம் கணக்கில் வந்துவிடும். கணக்கில் மட்டுமே வரும். அது ஏன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

நாங்கள் ஐவர். மயிலாப்பூரில் வசிக்கும், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற மூத்தவர் ஒருவர். எங்கள் அனைவருக்கும் அவர் 'சார்'. அடையாற்றில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், அவர் 'டீச்சர்'. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கணக்கர். ராயப்பேட்டையில் சிறு அச்சகம் நடத்துபவர். மந்தைவெளியைச் சேர்ந்த மென்பொருள் இளைஞர். வார நாட்களில் விடிவதற்கு முன் கலங்கரை விளக்கத்தருகே கூடி, சாந்தோம் வழியாகத் திரு.வி.க. பாலத்தைக் கடந்து பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஷ்மிட் நினைவுச் சின்னம் வரை ஓடித் திரும்புவது பல ஆண்டுப் பழக்கம். ஓட்டத்தால் கூடியவர்களை வாசிப்பு பிரியாமல் வைத்திருக்கிறது. அதனால்தான் இந்தப் பக்கங்களில் ஓட்டத்தைப் பற்றி எழுதும் துணிவும் வந்தது. இக்கட்டுரை ஐவரும் கூடிப் பேசி எழுதியது. ஆகவே இதில் 'நான்' கிடையாது. அதற்கு வேறொரு காரணமும் உண்டு. படித்து முடிக்கையில் அது தெரியவரும்.

*

லடாக் மாரத்தான் 2012இல் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2010 ஆகஸ்டில், லே நகரையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் மேகவெடிப்பும் வெள்ளமும் சிதைத்திருந்தன. மழையே அரிதான அந்தக் குளிர்ப் பாலைவனத்தில் மண்வீடுகள் ஓரிரவில் கரைந்துபோயின. அந்த நினைவு ஆறாத ஊரில் தொடங்கிய ஓட்டம் இன்று ஆண்டுதோறும் செப்டம்பரில் பல தூரங்களில் நடைபெறுகிறது. 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தான் சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரிலிருந்து இறங்கிச் சிந்து நதியைக் கடந்து மீண்டும் ஏறி வருகிறது. அதனினும் கடியது கர்துங் லா சேலஞ்ச் என்னும் 72 கிலோமீட்டர் ஓட்டம். கணவாய்க்கு வடக்கே, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்திலிருக்கும் கர்துங் கிராமத்தில் அதிகாலை மூன்று மணிக்குத் தொடங்கும். 32 கிலோமீட்டர் ஏறிக் கணவாயைத் தொட்டு, மறுபுறம் 40 கிலோமீட்டர் இறங்கி லே நகரை அடைய வேண்டும்.

'லா' என்றால் அம்மொழியில் கணவாய். லே நகரிலிருந்து காரகோரம் மலைகளைத் தாண்டி மத்திய ஆசியாவின் யார்க்கண்டுக்குப் போன வணிகக் கூட்டங்கள் குதிரைகளோடும் ஒட்டகங்களோடும் நடந்த பழைய பாதையில் இருப்பது இது. மோட்டார் சாலை 1976இல் அமைந்தது. பொதுமக்களுக்கு 1988இல் திறக்கப்பட்டது. சியாச்சின் பனியாற்றில் காவல் நிற்கும் வீரர்களுக்கு உணவும் எரிபொருளும் இவ்வழியேதான் போகின்றன. கணவாயின் உச்சியில் 18,380 அடி என்று எழுதிய பலகை நெடுங்காலம் நின்றது. உலகிலேயே மிக உயரமான மோட்டார் சாலை இதுவே என்றும் சொல்லி வந்தார்கள். செயற்கைக்கோள் வழி அளந்து பார்த்தபோது உயரம் சுமார் 5,360 மீட்டர், அதாவது 17,600 அடிக்குச் சற்றுக் குறைவு, என்று தெரிந்தது. 2021இல் அதே லடாக்கின் உம்லிங் லா சாலையை 19,024 அடி என்று கின்னஸ் பதிவு செய்தபோது பெருமையும் இடம் மாறிவிட்டது. மூச்சு வாங்க நிற்பவனுக்கு இந்த எண்களின் வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஏனென்றால் அங்கே மனிதனை வருத்துவது ஏற்றத்தைவிடக் காற்று. மலைமேல் காற்றில் பிராணவாயுவின் பங்கு குறைந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பங்கு குறைவதில்லை, மெரினாவிலும் கர்துங் லாவிலும் அது நூற்றுக்கு 21தான். குறைவது அழுத்தம். மேலேயிருந்து அழுத்தும் காற்றின் பாரம் குறையக் குறைய, ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் வரும் பிராணவாயுவும் குறைகிறது. சென்னையில் இழுக்கும் மூச்சை நூறு என்று கொண்டால், லே நகரில் அது ஏறத்தாழ 65, கணவாயின் உச்சியில் 52. பரங்கிமலையில் எத்தனை முறை ஏறினாலும் மூச்சின் மதிப்பு நூறாகவே இருக்கிறது. கால்கள் தயாராகும்; இரத்தம் தயாராகாது.

1968இல் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடந்தபோது உலகம் இதைக் கண்ணால் கண்டது. அந்நகரம் 2,240 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, லேயைவிடத் தாழ்வு. அப்போது 10,000 மீட்டர் ஓட்டத்தின் உலக சாதனை ஆஸ்திரேலியரான ரான் கிளார்க்கிடம் இருந்தது. அவர் ஆறாவதாக வந்து எல்லைக்கோட்டில் சரிந்து விழுந்தார். மருத்துவர் பிராணவாயுக் கருவியோடு ஓடிவந்தார். வென்றவர் கென்யாவின் நஃப்தாலி தெமு. மாரத்தானில் வென்றவர் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே. இருவரும் உயர்நிலங்களைக் கொண்ட நாடுகளிலிருந்து வந்தவர்கள். கிளார்க்கின் பயிற்சியிலோ மன உறுதியிலோ குறைசொல்ல எவராலும் இயலாது. அவற்றை வைத்து வாங்கக்கூடிய பொருள் அங்கே கிடைக்கவில்லை, அவ்வளவே.

*

மலைநோயை மனிதர் அறிந்தது புதிதன்று. கி.மு. முதல் நூற்றாண்டில் சீன ஹான் அரசவையில், காஷ்மீர்ப் பக்கமாகத் தூதர்களை அனுப்ப வேண்டாம் என்று வாதிட்ட அமைச்சர் ஒருவர், வழியிலுள்ள மலைகளைப் பெரிய தலைவலி மலை, சிறிய தலைவலி மலை என்றே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். மனிதர்களும் கழுதைகளும் அங்கே தலைநோவும் வாந்தியும் எடுத்துத் துவண்டார்கள் என்பது ஹான் வரலாற்று நூலில் பதிவாகியிருக்கிறது.

ஆனால் இன்று லே விமான நிலையத்தில் இறங்கும் சுற்றுலாப் பயணிக்கு 'இரண்டு நாள் படுத்து ஓய்வெடுங்கள்' என்று சொல்லப்படும் அறிவுரைக்குப் பின்னால் இருக்கும் வரலாறு மிக அண்மையது, துயரமானது. 1962இன் சீனப் போரின்போதும் அதன் பின்னரும் சமவெளியிலிருந்த படைவீரர்கள் பெருந்தொகையாக விமானங்களில் ஏற்றப்பட்டு லடாக்கின் உயரங்களில் இறக்கப்பட்டார்கள். நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோத்துப் பலர் விழுந்தார்கள். இந்திய இராணுவ மருத்துவரான இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களின் நிலையை ஆராய்ந்து 1969இல் வெளியிட்ட கட்டுரை இன்றளவும் உலகெங்கும் இத்துறையில் மேற்கோள் காட்டப்படுவது. இப்போது நம் இராணுவம் 9,000 அடிக்கு மேல் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் மீண்டும் நான்கு நாள் என்று படிப்படியாகப் பழக்கிய பின்னரே வீரரை உச்சிக்கு அனுப்புகிறது. கூட்டினால் இரண்டு வாரம். நாங்கள் லே நகருக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்ததும் இந்தக் கணக்கின்படிதான். நம்மில் எவரோ பெயர் தெரியாத வீரர்களின் உடலில் எழுதிப் படித்த பாடத்தை நாங்கள் விடுமுறைக்குச் செல்கையில் இலவசமாகப் பெற்றுக்கொண்டோம்.

இவற்றையெல்லாம் படித்துக் குறித்து வைத்தவர் டீச்சர். அவர் கண்டுபிடித்துச் சொன்னவற்றுள் எங்களை உறையவைத்தது ஒன்று உண்டு. மலைநோய் உடல் வலிமையைப் பார்த்து வருவதில்லை. நன்றாகப் பயின்ற ஓட்டக்காரருக்கும் வரும், ஓடவே தெரியாதவருக்கு வராமலும் போகும். வலிமையுள்ளவருக்கு ஓர் இடர் அதிகம். அவர் வேகமாக ஏறுவார், அறிகுறியைப் பொறுத்துக்கொண்டும் ஏறுவார். அதைவிடக் கொடியது, நோய் மூளையைத் தொடும்போது முதலில் கெடுவது தீர்ப்பு. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லும் அந்த வாயே நோயின் வாயாக இருக்கலாம்.

ஆகவே 2023 கோடையில், லஸ் பகுதியில் நாகேசுவரராவ் பூங்காவின் ஒரு கல்பெஞ்சில் அமர்ந்து மூன்று விதிகளை வகுத்தோம். அமிர்தாஞ்சன் என்னும் தலைவலித் தைலத்தைத் தந்தவரின் பெயர்தாங்கிய பூங்காவில் தலைவலிக்கு விதி செய்கிறோம் என்று அச்சக நண்பர் சிரித்தார். முதல் விதி: தலைவலி சிறிதாயினும் மறைக்கலாகாது. இரண்டாம் விதி: ஒருவரைப் பார்த்து மற்றவருள் இருவர் 'திரும்பு' என்றால் திரும்பியாக வேண்டும், அந்த இடத்தில் வாதம் கிடையாது, வாதத்தைச் சென்னைக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் விதி: திரும்புபவர் தனியே திரும்பலாகாது, அவருக்கு யார் துணை என்பது முன்னமே தீர்மானிக்கப்பட வேண்டும். துணைக்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். டீச்சருக்குக் கணக்கரும் கணக்கருக்கு டீச்சரும் துணையாக வந்தார்கள். இளைஞருக்கும் அச்சக நண்பருக்கும் அவ்வாறே. சார் இரண்டாம் இணையோடு சேர்ந்தார்.

அந்தக் கோடையில் பயின்றதைச் சுருக்கமாகச் சொல்லலாம். விடிகாலையில் உஸ்மான் சாலை மேம்பாலத்தில் இருபது முறை ஏறி இறங்கினோம். காவலர் ஒருவர் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று எண்ணி விசாரித்தார். ஞாயிறுகளில் பரங்கிமலை. மே மாதத்து வெப்பமும் புழுக்கமும் தம் பங்கிற்கு வேலை செய்தன. வெயிலில் பழகும் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. உயரத்துக்குப் போன முதல் நாட்களில் அதே நீர்ப்பகுதி சுருங்குகிறது. சிறுநீர் மிகுதியாகப் போகிறது, இரத்தம் கெட்டிப்படுகிறது. உடல் மலையில் செய்வது, சென்னையில் கற்றதற்கு நேர்மாறு.

*

லே நகரில் முதல் இரண்டு நாட்கள் படுத்துக்கிடந்தோம். மாதக்கணக்கில் ஓடியவர்களுக்கு அதைவிடக் கடினமான பயிற்சி இல்லை. கொரோனா காலத்தில் வீடுதோறும் வந்துசேர்ந்த, விரல்நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நாங்களும் கொண்டுபோயிருந்தோம். 2021இல் சென்னையில் அக்கருவி 94க்குக் கீழே காட்டினால் குடும்பமே கலங்கும். லேயில் எங்கள் ஐவருக்கும் 84க்கும் 89க்கும் இடையே காட்டியது. விடுதிக்காரர் எட்டிப் பார்த்து, நல்ல எண்கள் என்றார். மூன்றாம் நாள் மெல்ல நடந்தோம். ஐந்தாம் நாள் சாந்தி ஸ்தூபியின் படிகளை ஏறினோம். பரங்கிமலையைப் பதினைந்து முறை ஏறிய கால்கள் அங்கே மூன்று இடங்களில் நின்றன. எங்களைக் கடந்து பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி பாடிக்கொண்டே ஏறிப் போனாள். பாடிக்கொண்டு ஏறுவதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்கர் கணக்கிடத் தொடங்கினார்.

திபெத்திய இனத்தவரின் உடலில், குறைந்த பிராணவாயுவில் வாழ்வதற்கு ஏற்ற மரபணு மாறுபாடு ஒன்று பரவலாக உண்டென்றும், அது டெனிசோவன் என்னும் அழிந்துபோன மனித இனத்திடமிருந்து வந்ததென்றும் 2014இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த உயரங்களில் மனிதர் வாழ்வது பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம். ஜிக்மெத் டோல்மா, செத்தான் டோல்கர் போன்ற லடாக் பெண்கள் அங்கிருந்து புறப்பட்டு மும்பை மாரத்தான் வரை வந்து பெயர் பெற்றவர்கள். அவர்கள் எங்கள் ஊர்ப் புழுக்கத்திற்கு இறங்கி வந்து ஓடும்போது படும் பாட்டையும் இங்கே எண்ணிக்கொள்வது நியாயம்.

இரண்டாம் வாரத்தில் கணவாய்ச் சாலையில் வண்டியில் ஏறி, சில மணி நேரம் நடந்து, மாலையில் தாழ்வான இடத்திற்குத் திரும்பி உறங்கினோம். ஐவருள் எண்கள் நன்றாக இருந்தவர் டீச்சர்தான். எங்களுள் வேகமானவரும் அவரே. இதைப் பின்னால் நினைவில் வைக்க வேண்டும்.

*

முந்தைய நாளே கர்துங் கிராமத்திற்குச் சென்றுவிட்டோம். அன்றிரவு ஐவருள் எவரும் சரியாக உறங்கவில்லை; உயரத்தில் உறக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். மூன்று மணிக்கு நெற்றி விளக்குகள் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 பாகை, அங்கே நீர்க்குப்பியின் வாயில் பனி கட்டியிருந்தது. ஓட்டம் என்று சொல்கிறோமே தவிர, எங்களைப் போன்றவர்கள் ஏற்றத்தில் செய்வது விரைந்த நடை. இருநூறு எட்டு நடப்பது, ஐம்பது எட்டு மெல்ல ஓடுவது, மறுபடியும் நடப்பது. பேசிக்கொண்டே போக முடியாத வேகத்தில் போகக் கூடாது என்பது எங்கள் அளவுகோல். ஆகவே எதையாவது பேசிக்கொண்டே போனோம். டீச்சர் வகுப்பில் நடந்தவற்றைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

பதினான்காம் கிலோமீட்டரில் அவர் தலைவலி என்றார். முதல் விதிப்படி சொல்லிவிட்டார். நின்றோம், நீர் அருந்தினோம், வேகம் குறைத்தோம். பிறகு அவர் கதை சொல்லுவது நின்றுவிட்டது. விடிந்துகொண்டிருந்தது. வடக்குப் புல்லு என்னும் சோதனைச்சாவடியை நெருங்கியபோது, முன்னால் போன அவருடைய நடை சாலையின் இடப்புறமாக இழுத்துக்கொண்டு போவதை முதலில் கவனித்தவர் கணக்கர். அவர் எதுவும் சொல்லாமல் சாரைத் திரும்பிப் பார்த்தார்.

சார் சாலையோரப் புழுதியில் காலணி நுனியால் ஒரு கோடு இழுத்தார். "டீச்சர், இதன்மேல் கொஞ்சம் நடந்து காட்டுங்கள்" என்றார். முன்வைக்கும் காலின் குதிகால் பின்காலின் விரல்களைத் தொடுமாறு நேர்கோட்டில் பத்து அடி நடக்க வேண்டும். மூளையில் வீக்கம் உண்டா என்று மலையேறுபவர்கள் பார்க்கும் எளிய சோதனை இது. எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே டீச்சர்தான். அவர் மூன்றாவது அடியில் விலகினார். ஐந்தாவது அடியில் இளைஞர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஒன்றுமில்லை சார், கல் தடுக்கிற்று" என்றார். கல் இல்லை.

"திரும்புங்கள்" என்றார் சார். "திரும்புங்கள், டீச்சர்" என்றார் கணக்கர். இருவர் சொல்லியாயிற்று.

அவர் வாதிட்டார். பூங்காவில் வாதம் கூடாது என்று விதி எழுதியவர், மூன்றாண்டுக் கனவைப் பற்றியும், தம்முடைய எண்கள் எல்லோரையும்விட நன்றாக இருந்ததைப் பற்றியும், இன்னும் பதினாறு கிலோமீட்டர்தானே என்றும் தெளிவான சொற்களில் வாதிட்டார். அந்தத் தெளிவுதான் எங்களை அச்சுறுத்தியது. எவராவது ஒருவர் தனியே அவரோடு நின்றிருந்தால் அந்த வாதம் வென்றிருக்கும் என்று இன்றும் நம்புகிறோம்.

சாவடியருகே இருந்த மருத்துவக் குழுவினர் பிராணவாயு கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். அங்கேதான் அந்தப் பாதையின் சூழ்ச்சி விளங்கியது. எங்கள் விடுதியும் பெட்டிகளும் பழகிய ஊரும் தெற்கே லேயில் இருந்தன. அங்கே போவதற்குக் கணவாயை, அதாவது இன்னும் எழுநூறு மீட்டர் உயரத்தை, ஏறிக் கடக்க வேண்டும். நோயாளிக்கு வேண்டியதோ இறக்கம். ஆகவே அவரை வடக்கே நுப்ரா பள்ளத்தாக்கில் இறக்கி, சுமார் 3,100 மீட்டர் உயரத்திலுள்ள டிஸ்கிட் ஊருக்குக் கொண்டுசெல்வது என்று மருத்துவர் முடிவு செய்தார். வந்த வழியே திரும்பி, அதற்கும் கீழே.

கணக்கர் வண்டியில் ஏறினார். அவருக்கு எந்த உபாதையும் இல்லை. அன்று காலை எங்கள் ஐவருள் மிக நன்றாக இருந்தவர் அவர்தான். தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் செப்டம்பரில் ஜவுளிக்கடைக் கணக்கருக்கு மூன்று வாரம் விடுப்பு கிடைப்பது எவ்வளவு அரிது என்பதைத் தியாகராய நகரை அறிந்தவர்கள் அறிவார்கள். இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை வேலைகளை ஏற்றுக்கொண்டு அந்த விடுப்பைச் சேர்த்திருந்தார். இளைஞர் அவரிடம், "அண்ணா, நான் போகிறேனே" என்றார். "என் சீட்டுத்தானே வந்தது" என்று சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

*

மூவரும் மேலே போனோம். நின்று கலங்குவதால் அவருக்குப் பயனில்லை என்று விதி சொன்னது. கால்கள் அதை ஏற்றுக்கொள்ள நெடுநேரம் பிடித்தது. வழியில் கைப்பேசித் தொடர்பு கிடைக்கவில்லை. அதன்பின் ஒருவரையொருவர் பார்ப்பதே வேலையாயிற்று. இவர் நடை கோணுகிறதா, அவர் பேச்சு குழறுகிறதா என்று பார்த்தோம். கிலோமீட்டருக்கு ஒருமுறை ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்ல வேண்டும்: பதினேழாம் வாய்ப்பாடு, கபாலி கோயிலிலிருந்து அடையாறு பணிமனைக்குப் போகும் வழியிலுள்ள பேருந்து நிறுத்தங்கள். சாருக்கு மந்தைவெளிக்குப் பின் எது என்பது ஒருமுறை தாமதமாக வந்தது. ஐந்து நிமிடம் அமர வைத்தோம். பிறகு வரிசையாகச் சொன்னார், நாங்கள் மறந்துபோன ஒரு நிறுத்தத்தையும் சேர்த்து.

கணவாயின் உச்சியில் வண்ண மந்திரக் கொடிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. இராணுவ லாரிகள் புகையை விட்டுப் போயின. அங்கே நின்று மகிழ எங்களுக்கு மனமில்லை, நிற்பதும் நல்லதன்று. ஆக்ஸிமீட்டர் 76 காட்டியது. இறங்கத் தொடங்கினோம். நாற்பது கிலோமீட்டர் இறக்கம் எளிது என்று எண்ணுபவர்கள் முழங்கால்களிடம் கேட்க வேண்டும். தெற்குப் புல்லுவைத் தாண்டியதும் வெயில் ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் மூச்சு சற்றுச் சற்றாகத் திரும்பி வந்தது. கடன் கொடுத்தவர் சில்லறையாகத் திருப்பித் தருவதுபோல் என்றார் சார்; வங்கிக்காரர் அல்லவா. லே நகரை அடைந்தபோது பன்னிரண்டரை மணி நேரமாகியிருந்தது. கழுத்தில் பதக்கம் போட்டார்கள். அதைப் பார்க்குமுன் கைப்பேசியைப் பார்த்தோம். கணக்கரிடமிருந்து குறுஞ்செய்தி வந்திருந்தது: "இறங்கிவிட்டோம். தலைவலி குறைந்துவிட்டது. டீச்சர் ஃபில்டர் காபி கேட்கிறார். இங்கே எங்கே போவேன்?"

மூவரும் சாலையோரத்தில் உட்கார்ந்து அழுதோம். களைப்பினால் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம்.

மூன்று நாள் கழித்து, மருத்துவர் அனுமதித்த பின்னர், அவ்விருவரும் வண்டியில் கணவாயைக் கடந்து லே வந்து சேர்ந்தார்கள். டீச்சர் முழுவதும் நலமாக இருந்தார், இன்றும் நலமாக இருக்கிறார்.

*

ஊர் திரும்பியபின் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "முடித்தீர்களா?" மூவரிடம் பதக்கம் இருந்தது, இருவரிடம் இல்லை. ஆயினும் ஐவரில் எவருக்கும் இக்கேள்விக்குப் பதில் சொல்ல எளிதாக இருக்கவில்லை. நெடுந்தூர ஓட்டத்தைத் தனியரின் ஆட்டம் என்பார்கள். தன்னைத் தான் வெல்வது என்றும், உடல் வேண்டாமென்கையில் மனம் இழுத்துச் செல்வது என்றும் அதைப் புகழ்வார்கள். கடற்கரைச் சாலையில் அது பெரிதும் உண்மை. நாங்களும் அப்படியே ஓடப் பழகினோம். ஆனால் மனமே மெல்ல மங்கும் உயரத்தில், அம்மனத்தின் உறுதியைப் புகழ்வதில் பொருளில்லை. அங்கே ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும் சாட்சி செல்லாது. பக்கத்தில் நடப்பவரின் கண் வேண்டும். அந்தக் கண் சொல்வதற்குக் கட்டுப்படுவேன் என்று, மூச்சு நூறாக இருந்த நாளில் கொடுத்த வாக்கு வேண்டும். இக்கட்டுரையில் 'நான்' இல்லாமற் போனதற்கு நாங்கள் முன்னே சொல்லாமல் விட்ட காரணம் இதுவே.

கணக்கர் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பேச்சு எழுந்தால், நுப்ராவில் மணற்குன்றுகளையும் இரட்டைத் திமில் ஒட்டகங்களையும் பார்த்தது தாம் ஒருவர்தான் என்பார். அவர் மறுபடியும் ஞாயிறுகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். அவர் போகும் ஆண்டில் அவருக்குத் துணையாக நாங்கள் நால்வரும் சீட்டின்றியே பெயர் கொடுத்திருக்கிறோம்.

டீச்சரிடம் ஒருநாள் ஓட்டம் முடிந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கோட்டைப் பற்றிக் கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு நடந்ததெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. நான் நேராகத்தான் நடந்தேன். சார் போட்ட கோடுதான் வளைந்திருந்தது." கணித ஆசிரியை அவர். வளைந்ததை நேர் என்றோ நேரை வளைவு என்றோ சென்னையில் ஒருநாளும் சொல்லாதவர். நினைவில் அந்தக் கோடு இன்னும் வளைந்தே இருக்கிறது என்றும், அது நேர்கோடு என்று நீங்கள் நால்வரும் சொல்வதால் மட்டுமே நம்புகிறேன் என்றும் கூறினார்.

இப்போது எங்களோடு புதிதாக ஓட வருபவர்களுக்கு மூன்று விதிகளையும் சொல்லிக்கொடுப்பவர் அவரே. இரண்டாவது விதியைச் சொல்லும்போது மட்டும் ஒருமுறைக்கு இருமுறை சொல்கிறார்.